எதிரெதிரே நின்று ஜெயித்த கேடயம்

மேடையில் பேசுகிறவருக்கு எதிரணிகூட எதிரி இல்லை. நமக்குச் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து மணியைத் தட்டுகிறாரே, அவர்தான் எதிரி. பனங்கற்கண்டையும் மிளகையும் வாயில் அடக்கிக்கொண்டு விவாதப் போட்டிக்கென்று ஊர் ஊராக அலைந்தவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் புதுக்கோட்டையில் காலேஜில் படித்தேன். திருச்சியில் வருஷா வருஷம் ஒரு பெரிய விவாதப் போட்டி நடக்கும். ஒரு காலேஜுக்கு இரண்டு பேர். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேச வேண்டும், மற்றவர் வெட்டிப் பேச வேண்டும். இருவர் மார்க்கையும் கூட்டி, எந்தக் காலேஜ் மேலே நிற்கிறதோ அதற்குச் சுழற்கேடயம். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் கேடயம் அவர்களுக்கே சொந்தம். அதுவரை யாரும் அப்படி ஜெயித்ததில்லை.

வாய்க்குக் கிடைத்த பரிசு

எங்களுக்கு இலுப்பூர். அப்பாவுக்குக் கடலை வியாபாரம். வீட்டில் நான் ஒரு சொல் அதிகம் பேசினால் ஆத்தா கரண்டியை ஓங்குவாள். அப்படிப்பட்ட வீட்டில் போய், "பேச்சுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க, திருச்சிக்குப் போகணும்" என்றேன்.

ஜெயித்தால் அடுத்த வருஷமும் போகலாம், தோற்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்னாலேயே ஆத்தாவின் குரல் வந்தது: "வீட்டுல பேசினா வாயாடி, வெளியில பேசினா கேடயமா? நல்ல காலேஜுதான் போ!"

கண்டக்டர் கேட்ட நியாயம்

என் ஜோடி சிதம்பரம், கறம்பக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஜோடி என்றதும் கற்பனையை ஓட்டாதீர்கள்! அந்தக் காலத்தில் காலேஜில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்ளக் கூடாது. வராந்தாவில் எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். பயிற்சியின்போது வகுப்பறையில் ஆளுக்கொரு மூலை, நடுவில் லெக்சரர். சிதம்பரம் பேசுவதை நான் கேட்பேன், பிறகு எழுந்து கிழிப்பேன். அடுத்து அவர் என்னைக் கிழிப்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

முதல் வருஷமே கேடயம் கைக்கு வந்தது. திரும்பும்போது துணைக்கு வந்த டீச்சரும் நானும் பஸ்ஸில் முன் சீட்டு, மடியில் கேடயத்தோடு சிதம்பரம் கடைசிச் சீட்டு. கண்டக்டர் விவரம் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசினோம், இரண்டு பேருமே ஜெயித்தோம் என்று சிதம்பரம் விளக்கினார். கண்டக்டர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு பேரும் எதுத்துப் பேசினாக் கேடயம் குடுப்பாங்களா? அப்ப மொதக் கேடயம் எங்க வீட்டுக்குல்ல வந்திருக்கணும்!"

ஓவியம் வாயைத் திறந்தது

இரண்டாம் வருஷம் திருச்சியில் சாப்பாட்டுப் பந்தியில், போட்டிக்கு வந்த ஓர் உள்ளூர்க்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கோட்டு, டை எல்லாம் ஜோர்தான். "புதுக்கோட்டையா? சித்தன்னவாசல்ல ஓவியம் இருக்குன்னு தெரியும். பேசுற ஆளும் இருக்கா?" என்றார். போன வருஷம் நாங்கள் ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு ரசத்தை மோர் என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

மத்தியானம் அவருக்கு அடுத்து என் முறை. அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து, மரியாதை குறையாமல் உரித்துப் போட்டேன். சிதம்பரம் தன் பங்குக்கு என்னை உரித்தார். கேடயம் மறுபடியும் புதுக்கோட்டைக்குத்தான். ஆனாலும் அந்த மனிதர் பெரிய மனசுக்காரர். வாசல்வரை வந்து கும்பிட்டுச் சொன்னார்: "ஓவியம் வாயைத் தெறந்தா இப்படித்தான் இருக்கும்னு தெரியாமப் போச்சுங்க."

மாற்றிப் பேசுங்கள்

மூன்றாம் வருஷம். ஜெயித்தால் கேடயம் எங்கள் ஊருக்கே சொந்தம். காலேஜே இதே பேச்சாக இருந்தது. அப்பாகூடக் கடலை மண்டியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தலைப்பு, 'நாடு முன்னேற ஆலைகளே முதலில் வேண்டும்'. நான் ஆலை. சிதம்பரம், கண்மாயும் வயலும்தான் முதலில் என்று வெட்ட வேண்டும். முதலில் பேசிய பையன் மனப்பாடம் செய்ததை மழையாகக் கொட்டினான். நடுவராக வந்திருந்த பெரிய வக்கீல் ஒரு கேள்வி கேட்டதும் திருதிருவென்று விழித்தான். வக்கீலுக்கு வந்ததே கோபம்! "கிளிப்பிள்ளைப் பேச்சு எனக்கு வேண்டாம். ஒட்ட வந்தவர்கள் வெட்டுங்கள், வெட்ட வந்தவர்கள் ஒட்டுங்கள்" என்று எழுந்து நின்று அறிவித்துவிட்டார்.

கூடமே கலங்கிப் போயிற்று. மற்றக் காலேஜ் ஜோடிகளெல்லாம் சிநேகிதர்கள். 'நான் உன்னைத் தொடமாட்டேன், நீயும் என்னைத் தொடாதே' என்று முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தவர்கள். அதனால் தன் கூட்டாளி என்ன பேசுவான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு ஏது ஒப்பந்தம்? பதில் சொல்வதற்காகவே சிதம்பரத்தின் பேச்சை வரி விடாமல் கேட்டுக் கேட்டு, எனக்கு அது தூக்கத்தில்கூட வரும். எழுந்தேன். "ஆலையில் சங்கு ஊதினதும் எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள்? சோற்றுக்குத்தானே? அந்தச் சோறு எந்த ஆலையில் விளைந்தது?" என்று அவருடைய வார்த்தையாலேயே ஆரம்பித்தேன். கூடம் அதிர்ந்தது. அடுத்து அவர் எழுந்து, "எங்கள் ஊரில் கடலை விளைகிறது, எண்ணெய் மட்டும் வெளியூரிலிருந்து வருகிறது. இது என்ன நியாயம்?" என்றார். அது என் பேச்சின் வரி, என் அப்பா மண்டியில் பிறந்த வரி! அதை அவர் வாயால் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேடயம் எங்களுக்கே என்று அறிவித்ததும் புதுக்கோட்டைக்காரர்கள் போட்ட சத்தத்தில் மணி அடித்தவரே காதைப் பொத்திக்கொண்டார். என் வாழ்நாளில் அன்றைக்குப் போலப் பெருமையாக நான் நின்றதில்லை. சிதம்பரம் மேடையைக் கடந்து நேரே என்னிடம் வந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: "என் பேச்சை நானே இவ்வளவு நல்லாப் பேசியிருக்க மாட்டேங்க."

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. சிதம்பரம் இல்லை; எனக்கு வாய்த்த கணவர் எதிர்த்துப் பேசவே தெரியாதவர். அதனால் அந்தக் கேடயத்துக்குப் பிறகு நான் ஜெயித்ததெல்லாம் போட்டியில்லாமல் ஜெயித்ததுதான்.