டின்னில் அடைத்த சட்டை

தேவகனியின் பேரைக் கேட்டாலே தலைமன்னாரில் கப்பலேறிய சொறிப்பூச்சிகள் நடுக்கடலில் குதித்துச் செத்துவிடும். கொழும்புத் துரைமார் அவளிடம் முதுகைக் காட்ட வரிசையில் நின்றார்கள். யானைக்குச் சொறி வந்தாலும் ஒரு குடம் கந்தக எண்ணெயில் தீர்த்திருப்பாள், யானைதான் வரவில்லை.

துரைமாரும் வரவில்லை. வந்ததெல்லாம் சுசீந்திரம் பக்கத்துக் கூலிக்காரர்கள். தேயிலை விலை விழுந்து, இலங்கைத் தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட்ட வருடங்கள் அவை. விரலிடுக்கெல்லாம் சொறியோடு வந்து இறங்குகிறவனுக்குச் சொந்த வீட்டில்கூடப் பாய் கிடைக்காது. தேவகனியின் புருஷன் ததேயுஸ் அப்படி வந்தவர்தான். காய்ச்சலில் அவர் போனபோது உடம்பைக் குளிப்பாட்டவும் யாரும் கை நீட்டவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள், அதன்பிறகுதான் அங்கே பார்த்துக் கற்றதைத் தன் வீட்டில் செய்யத் தொடங்கினாள்.

கழுத்திலிருந்து கால்வரை மூன்று நாள் கந்தகமும் தேங்காயெண்ணெயும். நாலாம் நாள் குளியல். உடுத்தது, விரித்தது எல்லாம் நெல் அவிக்கும் அண்டாவில் கொதிக்க வேண்டும். அந்த அண்டாவை இரவல் கேட்டு ஊரில் ஒருத்தரும் வந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ராகேல் இலங்கையிலிருந்து வந்தாள். அண்ணன் ஜான்ரோஸ் வாசலிலேயே மறித்துவிட்டான். "வீட்டில கைப்பிள்ளை கிடக்கு. சொறி போனபிறகு ஏறு." ராகேல் தேவகனி வீட்டுச் சுவரோரம் ஓலை இறக்கிய சாய்ப்பில் தங்கி இரண்டு தரம் எண்ணெய் பூசினாள். இரண்டு தரமும் ஆறி, மறுபடி அரித்தது. மூன்றாம் தரம் தேவகனி அவள் தலையணையை உதறினாள். சின்னதாக ஒரு பச்சைச் சட்டை விழுந்தது.

"ஏட்டி, இதை ஏன் அண்டாவில போடல்ல?"

"கொதிச்சா பிள்ளைக்க மணம் போயிரும் அக்கா." மூன்று வயது மகளைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு வந்தவள் அவள். "எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

தேவகனி கொதிக்கிற அண்டாவுக்கு அடியிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

"பெட்டிக்குள்ள மாசக்கணக்காக் கிடந்த துணியால யாருக்கும் சொறி வந்து நான் பாக்கல்ல. மனுசச் சூடு இல்லாட்டா பூச்சி பட்டினியில சாவும். டின்னில அடைச்சு வைப்போம், மூணு வாரம். தொடப்பிடாது, கேட்டியா?"

கந்தகம் வாங்கின பழைய டின்களில் ஒன்று வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்த டின். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ராகேல் ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள், மூடியைத் தொடவில்லை. இந்தத் தரம் சொறி திரும்பி வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஜான்ரோஸ் கூட்டிப்போக வந்து நின்றபோது, தேவகனி மூடியை நெம்பித் திறந்தாள்.

ராகேல் சட்டையில் முகம் புதைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"மணம் இருக்கா?"

"இருக்கு அக்கா. அப்படியே இருக்கு."

சட்டையை மடித்து மாரோடு அணைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் போனாள்.

இதுவரைக்கும் உள்ளதை எழுதினவன் அதைத் தேவகனிக்கு வாசித்துக் காட்டினான். எண்ணெய்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். யானை வந்த இடத்தில் சிரித்தாள். டின் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"அண்ணைக்கு அந்தச் சட்டையில கந்தகம்தான் மணத்தது, மக்கா. எனக்க மனசு நோவக்கூடாதுண்ணு அவ பொய் சொன்னா. நீ யாருக்காகலே பொய் சொல்லுதே? டின்னைக் கழுவிக்கொண்டு வாண்ணு அண்ணைக்குச் சின்னப் பயலா நின்ன உன்னைத்தானே அனுப்பினேன். கழுவினியா?"