காலி கோலை விட்ட கோ மவுங்

நான் ரங்கூனில் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்தபோது, கல்கத்தா கிளப் ஒன்றிலிருந்து ஒருவர் ஆட்டக்காரரைத் தேடி வந்தார். கிளப்பில் இடமும் கூடவே உத்தியோகமும் உண்டு. எதிரணியில் ஆடிய கோ மவுங்கைத்தான் எடுப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவர் பார்க்க வந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில் எங்கள் அணிக்காரர் ஒருவரின் முழங்கால் என் நெஞ்சில் இடித்தது. மூச்சுவிட முடியாமல் விழுந்தேன். கோல் காலியாகக் கிடந்தது, பந்தோ கோ மவுங்கின் காலில். அவர் அதை வெளியே உதைத்துவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

"கையில் வந்த கோலை விடுகிறவர் எங்களுக்குச் சரிப்படமாட்டார்," என்று கிளப்காரர் வேறொருவரை எடுத்துக்கொண்டார்.

"ஏன் விட்டீங்க?" என்று கோ மவுங்கிடம் கேட்டேன்.

"உங்க முகம் நீலமாப் போச்சு. அப்போ கல்கத்தா ஞாபகம் வரல."

அந்த வேறொருவரை ஏற்றிக்கொண்டு கல்கத்தா கப்பல் புறப்பட்ட அன்று துறைமுகத்தில் நானும் கோ மவுங்கும் நின்றோம். அவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அழுதேன்.