அருள்ராணியின் அரை மணித்தியாலம்

எங்கள் ஹோட்டலில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்க மூன்று கூட்டம் வைத்தார்கள். படுக்கை விரிக்க ஆள் காணாது. கூட்டத்துக்கு மட்டும் ஆள் குறையாது. கடைசியில் மேலாளர் றொபின் ஒரு டேப்லெட்டோடு திரிந்தார். அதில் ஹோட்டல் ஏழு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. வரவேற்பில் பியானோ, சாப்பாட்டு மண்டபத்தில் கிட்டார், நீராவிக் குளியலில் தண்ணீர் சொட்டும் சத்தம். ஏழாவது பகுதி எங்கள் ஓய்வறை. அங்கே துள்ளல் பாட்டு. கேட்டால் உற்சாகம் வருமாம். பதினாறு அறை துடைத்தவளுக்கு வரவேண்டியது உற்சாகமா, மூச்சா?

அருள்ராணி அக்கா நகரத்தின் ஓரத்தில் உள்ள ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து வந்து பதினெட்டு வருடமாகத் துடைக்கிறவர். பதினொன்றரைக்கு அரை மணித்தியாலம் ஓய்வு. மன்னாரில் தனியே இருக்கும் தமக்கையோடு அப்போதுதான் கதைப்பார். தமக்கைக்குக் காது மந்தம். பாட்டு வந்த பிறகு இவர் எவ்வளவு கத்தினாலும் அங்கே கேட்பது மேளம்தான். பிறகு எடு என்று சொல்லித் தமக்கை போனை வைத்துவிடுவார். இப்படியே மூன்று கிழமை போனது. ஒரு நாள் அக்கா ஓய்வறையில் அழுததை நான் பார்த்தேன். பின்னால் துள்ளல் பாட்டு.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அக்கா நாலு தடவை கேட்டார். டேப்லெட்டில் ஒரு விரலை வைத்தால் முடிகிற வேலை. றொபின் அதை அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டார். தன் அறைக் கதவு எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கும் என்றும் சொன்னார். இந்த நாட்டு மேலாளர்கள் எல்லோரும் சொல்வதுதான். யாரும் போவதில்லை.

அக்கா போனார், அடுத்த நாளே, சாப்பாட்டுப் பெட்டியோடு. ஹோட்டலில் ஸ்பீக்கர் பொருத்தாத ஒரே அறை அது. றொபினுக்கு உற்சாகம் தேவைப்படவில்லை போலும். றொபின் திரும்பி வந்தபோது அவருடைய மேசையில் புட்டும் மீன்குழம்பும், அவருடைய கதிரையில் அக்கா, காதில் போனோடு. துவாய்க் கட்டோடு நான் வாசலில் நின்றேன்.

“ஓம் பெரியக்கா, இண்டைக்கு நல்லாக் கேக்கும். இஞ்சை ஒரு கரைச்சலும் இல்லை. ஒருத்தர் வந்து நிக்கிறார், பரவாயில்லை, நீங்கள் கதையுங்கோ.”

அக்காவை எழுப்பவும் முடியாது, கதவைப் பற்றிச் சொன்னவர் அவர்தானே. றொபின் தன் பாண் துண்டை எடுத்துக்கொண்டு ஓய்வறைக்குப் போனார். நாலு நிமிடம் இருந்தார். பிறகு டேப்லெட்டில் விரலை வைத்தார். கூட்டம் தேவைப்படவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அக்கா எழும்பினார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, மேசையைத் துடைக்காமல் வந்தார்.