இறால் தண்ணீர்

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அம்மா உயிரோடு இருந்த காலத்தில் மேல்மாடிக்காரர்கள் கருவாடு பொரித்தால் யன்னல்களைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் உயிருள்ள இறால் வாங்கிவந்தேன் என்றால் அதற்கு அப்பாதான் காரணம். இறால் என்ற சொல்லை எழுதும்போதே இப்போதும் எனக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது. ஆசையில் அல்ல, குமட்டலில்.

வெள்ளவத்தையில், கடல்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நானும் அப்பாவும் குடியிருந்தோம். யுத்தத்தின் கடைசி வருடங்கள். ஒருநாள் விடிவதற்கு முன் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தும் அப்பாவை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்தநாள் பின்னேரம் விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படியிறங்கவில்லை. பின்னேரமானால் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், கனடாவுக்குப் போன அயலவர் விட்டுச்சென்ற மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்த பிறகும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

மீன் வளர்ப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஓர் இணையத்தளத்தை அலுவலகத்தில் தற்செயலாகக் கண்டேன். பச்சைப் பாசியின்மேல் குங்குமச் சிவப்பில் குட்டி குட்டி இறால்கள். கொட்டாஞ்சேனையில் ஒருவர் வீட்டில் வளர்த்து விற்கிறாராம். படத்தை அச்செடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது தின்னுறதோ பிள்ளை?”

“இல்லையாம் அப்பா. சும்மா வளக்கிறதாம்.”

“அப்ப வாங்குவமே?”

பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். பாம்பு கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

விற்பவர் ஏதோ கம்பனியில் வேலை செய்துகொண்டு பொழுதுபோக்காக இதைச் செய்பவர். அவருடைய மின்னஞ்சல்களை வாசித்தால் பெரிய டொக்டர் எழுதியதுபோல இருக்கும். சுத்தம் முக்கியம், தண்ணீர் முக்கியம், தொட்டிக்குள் கை வைக்கும் முன் சவர்க்காரம் போட்ட கையை மூன்றுதரம் கழுவ வேண்டும் என்று பக்கம் பக்கமாக அறிவுரை. நானும் நம்பி, ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. முன்னறையில் தொட்டிகள், குசினியில் தொட்டிகள், குளியலறையில் குளிக்கிற தொட்டியே இறால் தொட்டி. அந்த மனிதர் எங்கே குளிக்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, பக்கத்தில் நின்றாலே தெரிந்தது. சுவரெல்லாம் பாசி வழிந்து நத்தை ஒட்டியிருந்தது. அடுப்பில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். இறால் குழம்பு.

“வாங்க மிஸ், சாப்பிட்டுப் போகலாம். பயப்படாதீங்க, இது மார்க்கட் இறால். நம்ம புள்ளைங்கள நாம சாப்பிடுவமா?” என்று சிரித்தார்.

குழம்பு கிண்டிய அகப்பையை வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்து, அதே கையால் அவித்த கீரையைப் பிசைந்து தொட்டிக்குள் போட்டார். மூன்றுதரம் கழுவும் கதையெல்லாம் மின்னஞ்சலுக்கு மட்டும்தான் போலிருந்தது. பிறகு வலையால் அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு, ரப்பர் வளையம் போட்டுத் தந்தார். நான் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். குங்குமமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெட்டிப்போட்ட நகத்துண்டுகள்போல ஏதோ நெளிந்துகொண்டிருந்தன.

“சிவப்பு எங்க?” என்று கேட்டேன்.

“போகப் போக வரும் மிஸ். இப்ப பயந்துபோய் இருக்குதுங்க.”

பயந்துபோன ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டிருந்த நான் அதற்குமேல் வாதாடவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கிற இடத்தில் ஒரு பொலிஸ்காரி என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மற்றக் கையிலிருந்த பையைத் தூக்கிப் பிடித்தாள்.

“மே மொனவத?” இது என்ன என்று கேட்டாள்.

“இஸ்ஸோ” என்றேன். இறால்.

கறிக்கா என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்று ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், என்னைப் போகவிட்டிருப்பாள். ஆனால் எங்கள் பரம்பரைச் சைவம் அந்த நேரம் பார்த்துத் தலைதூக்கியது. நாங்கள் அதெல்லாம் சாப்பிடுவதில்லை, இது வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு என்று எனக்குத் தெரிந்த அலுவலகச் சிங்களத்தில், கொஞ்சம் கர்வத்தோடுதான், விளக்கினேன்.

“பார்ப்பதற்கா?” அவள் முகம் மாறிவிட்டது. வெளியே நின்ற ஆமிக்காரன் ஒருவனைக் கூப்பிட்டாள். இறால் சாப்பிடாத தமிழ்ப்பெண் ஒரு பை நிறையக் கலங்கிய தண்ணீரில் இறால் கொண்டுபோகிறாள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அந்தக் காலத்தில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். அவன் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பையை என்னிடம் நீட்டினான்.

“பொன்ன” என்றான். குடி.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. துவக்கின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தான்.

குடித்தேன். வெதுவெதுப்பாக, வழுவழுவென்று, அவித்த கீரையும் சேறும் இறால் கழிவும் கலந்த தண்ணீர். கால்களுள்ள ஏதோ ஒன்று மேலுதட்டில் ஏறியது. பல்லை இறுக்கிக்கொண்டு விழுங்கினேன். இன்னும் ஒரு தரம் என்று கையைக் காட்டினான். இன்னும் ஒரு தரம் குடித்தேன். அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள். வாந்தி எடுத்தால் நஞ்சு என்று நினைத்து மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில், வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த சந்திவரை நடந்து, அங்கே வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் எல்லாவற்றையும் கக்கினேன். அவர்கள்மீதும் அருவருப்பு, அந்த அழுக்கு மனிதர்மீதும் அருவருப்பு. ஒரு தலையாட்டலுக்கு வழியில்லாத எங்கள் ஆசாரத்தின்மீதும்தான்.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன், பல் விளக்கினேன், மஞ்சளை வாயில் போட்டு மென்றேன். குளியலறைக் கதவடியில் அப்பா வந்து நின்றார்.

“என்ன பிள்ளை, சத்தியோ?”

வாந்திதான் என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டவர், திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். போதாததற்குக் கிருலப்பனையில் இருக்கும் மாமிக்குப் போன் எடுத்து, “கேட்டீரே, எங்கட வீட்டுச் சைவம் இறால் சூப் குடிச்சிட்டு வந்து நிக்குது” என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பை நிறுத்த மனம் வரவில்லை.

பாதித் தண்ணீர் போனதாலோ என்னவோ, இறால்கள் சில நாட்களில் வெளிறிச் செத்தன. செத்ததை மற்றவை தின்றன. தின்று மிஞ்சியதை நான்தான் தேக்கரண்டியால் அள்ளி எறிந்தேன். இறால் விற்ற மனிதருக்கு எழுதினேன். தண்ணீரை நான் கெடுத்துவிட்டேனாம், ஆனாலும் மனமிரங்கி வேறு தருகிறாராம். திரும்பவும் அந்த வீட்டுக்கா என்று நான் முகத்தைச் சுளிக்க, அப்பா கதிரையிலிருந்து எழும்பினார்.

“தனியப் போகாதை. நானும் வாறன்.”

சனிக்கிழமை காலை சவரம் செய்து, காற்சட்டையை அவரே ஸ்திரிக்கை போட்டு, அடையாள அட்டையையும் பதிவுத் தாளையும் சட்டைப்பைக்குள் வைத்து, வெயிலுக்குக் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பேசினால் மனம் மாறிவிடுவாரோ என்று பேசாமல் நடந்தேன். ஒழுங்கை முடிந்து காலி வீதியில் ஏறும் இடத்தில் ஆமிக்காரர் இருவர் ஒருவரை மறித்து நிறுத்தியிருந்தார்கள். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா நின்றுவிட்டார். ஒரு கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. காற்சட்டையின் முன்பக்கம் மெல்ல நனைவதைக் கண்டேன். அவரும் கண்டார்.

“நீ போயிட்டு வா பிள்ளை” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “கேட்டால் கறிக்கெண்டு சொல்லு.”

எழுபது வயதுவரை இறாலைத் தொட்டும் அறியாத மனிதர் அதைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த குடையை விரித்து முன்னால் பிடித்தபடி, மழையில்லாத ஒழுங்கையில் வீட்டை நோக்கி நடந்தார்.