நாற்பதில் போன புது பைக்

"சார், புது இன்ஜினை ஏன் மெதுவா ஓட்டணும்?" என்று முன்பு வகுப்பில் ஒருவன் கேட்டான். "புது உப்புப் பாத்தியை முதலில் நன்றாக மிதித்துப் பதப்படுத்துகிறோமே, அப்படித்தான்" என்றேன்.

இன்று மரக்காணம் உப்பளத்தை ஒட்டி என் புது பைக்கை நாற்பதிலேயே ஓட்டிப் போனேன். பின்னால் ஹாரன் அடித்தபடி வந்த உப்பு லாரிக்காரர் முந்திவந்து மறித்தார். இறங்கியதும் பைக் கண்ணாடியை உதைத்து உடைத்தார். என் சட்டையைப் பிடித்தார்.

"யோவ் பெருசு, ரோடு உன் வூட்டுதா?"

"புது வண்டிப்பா. உங்க உப்புப் பாத்தியவே எடுத்துக்கயேன்..." என்று விளக்குவதற்காக ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

அறைந்துவிட்டார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"மழை வருது, லோடு கரையப் போவுது, நீ பாடம் எடுக்கிறியா?"

வீட்டுக்கும் நாற்பதிலேயே வந்தேன்.

நடுரோட்டில் உதாரணம் சொல்ல நேர்ந்தால், ஹெல்மெட்டோடு சொல்லிப் பாருங்கள்.