அண்ணன் வயிற்றுக்குள் துணி

மலேசியாவின் பேராக் மாநிலப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் அண்ணனுக்குக் காற்றுப் பிரிந்துவிட்டது!

(அறிவிப்பு நாற்பது வருடம் தாமதம். அப்போது, எண்பதுகளில், எனக்கு வயது பதினாறு, வாய்க்கு அறுபது. பதிவு போட ஃபேஸ்புக்தான் இல்லை.)

கோப்பெங் சாலையில் அண்ணன் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதினான். ஹேண்டில் வயிற்றில் குத்தியது.

வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ஈரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். பிறகு மிஸ்ஸி (நர்சுதான்) வெளியே வந்தார்.

"ரத்தம் நிக்கல. துணிய வச்சு அமுக்கி வச்சிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி தொறந்து எடுப்பாங்க. அப்பா சைன் போடணும்."

அவ்வளவுதான். குதித்தார் மாமா!

மாமா சிலிம் ரிவர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர். யாருக்கு என்ன நோய் என்று டாக்டருக்கு முன்பே சொல்லிவிடுவார். (ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை.)

"துணிய உள்ள வச்சு மறந்துட்டானுங்க மச்சான்! அத மறைக்கத்தான் ரெண்டாவது ஆப்பரேசன்! சைன் போடாதீங்க. வீட்டுக்குக் கொண்டு போலாம் லா!"

அப்பா கையில் பேனா. காகிதத்தில் இறங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனால் அண்ணன் பிழைக்கமாட்டான். எனக்கே புரிந்தது, இந்த மேதைக்குப் புரியவில்லை!

"மாமா, போன மாசம் ஒங்க காரு பெட்ரோல் டேங்க் ஒழுகுச்சுல்ல?"

"ஆமா. அதுக்கென்னடா இப்ப?"

"துணி தொவைக்கிற சவுக்காரத்த அப்பி அடைச்சுத்தானே ஈப்போ பட்டறை வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்க? பட்டறைக்காரன் அதச் சுரண்டி எடுத்தப்ப, 'மறந்து வச்சுட்டீங்களாண்ணே'ன்னு கேட்டானா?"

அப்பா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டார்!

சொன்னபடி திறந்தார்கள், துணியை எடுத்தார்கள். ரத்தம் நின்றிருந்தது.

குடல் வேலை செய்து காற்றுப் பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார் மிஸ்ஸி. மாமா இளநீரோடு வந்து நின்று திட்டு வாங்கினார். (கூடவே அதற்கு விளக்கமும் கொடுத்தார்!)

ஒரு மத்தியானம்... வந்தது! வார்டே கேட்டது! அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, ஆப்பரேசன் பண்ணுனா சரியாயிரும்னு!"

எப்படி இருக்கிறது கதை?

அண்ணனைக் காப்பாற்றியது என் வாய்தான் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

இரண்டாவது ஆப்பரேசனுக்கு ரத்தம் கேட்டார்கள். முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தவர் மாமா.

அவர் கையில் ஊசி இறங்கியதைப் பார்த்துத் தடாலென்று மயங்கி விழுந்தது நான்.

ரத்தம் கொடுத்தவருக்கென்று வைத்திருந்த மைலோ பானத்தை, என் தலையைத் தூக்கிப் பிடித்து எனக்கே புகட்டினார் மாமா.

ஊரில் எல்லாருடைய வியாதியையும் ஒன்று விடாமல் சொன்ன மனிதர், இதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.