நூற்றுப் பதினான்கு பல்

மேட்டில் நிறுத்தியிருக்கும் பிக்கப்பை நியூட்ரலில் உருளவிட்டு, கோயில் வேகத்தடைக்கு ஐந்தடி முன்னால் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார் சௌந்திரக்கா. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, கறுப்பாகத் துப்பிவிட்டு உயிர் பெறும். பெறாவிட்டால் தெருவே இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுகிறவர்களுக்குக் கண்ணாடி வழியாக உத்தரவு வரும்: "கைல தள்ளாதீங்க சாமி, காலுல பலத்தக் குடுங்க!"

ஐம்பத்திரண்டு வயது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் ஆண்கள் செருப்பு. நாமக்கல் சாலையில் தமிழரசு என்பவரின் கோழிப்பண்ணையில் வாரம் மூன்று நாள் முட்டை ஏற்றி, ராசிபுரத்துக்குள் நாற்பது கடைகளுக்குப் போடுகிறார். சாலையில் யாருக்கும் வழிவிட மாட்டார். ஆனால் பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து, முட்டைகளிடம் "புடிச்சுக்குங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்.

சின்னக் கடைகளுக்கு ட்ரே கணக்குக் கிடையாது, கையால் எண்ணித்தான் போடுவார். ஒருமுறை, அதே தெருவில் இருக்கும் நான், அவர் ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவிட்டுப் பிங்பாங் பந்தை வைத்துவிட்டேன். "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்த கை, பந்தில் பட்டதும் நின்றது. கடைக்காரர் விழித்தார். அக்கா பந்தை எடுத்து நேராக என் கையில் வைத்தார். "இது எந்தக் கோழி போட்டது சாமி? ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயி அடைகாத்துப் பாரு." எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. அடைகாத்துப் பார்த்தேன், பொரிக்கவில்லை.

வண்டியின் சிக்கல் ப்ளைவீல். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கனத்த இரும்புச் சக்கரம் அது. அதன் விளிம்பைச் சுற்றிலும் பல். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தப் பல்லைக் கவ்வி எஞ்சினை எழுப்ப வேண்டும். இங்கே பல்லின் நுனியெல்லாம் தேய்ந்து மழுங்கிவிட்டதால் கவ்வினால் வழுக்குகிறது. அதனால் எட்டு மாதமாக, ஒருமுறை எழுந்த எஞ்சினை வேலை முடியும்வரை அக்கா அணைப்பதே இல்லை. பண்ணையில் லோடு ஏற்றும் முக்கால் மணி நேரமும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

கோழிகளுக்கு இது பிடிக்கவில்லை. தமிழரசு ஒருநாள் சொல்லிவிட்டார்.

"அக்கா, ஒங்க வண்டிச் சத்தத்துல கோழி நெம்ப மெரளுதுங்க. ஷெட்டுகிட்ட இனிமே எஞ்சின் ஓடக்கூடாது. வெசாழக்கெழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லைன்னா லோட தனசேகருக்கே குடுத்தர்றனுங்க."

தனசேகரிடம் புது வேன் இருக்கிறது. அக்காவின் வண்டி மெக்கானிக்கிடம் கிடந்த அந்த வாரம் அவர் லோடையும் தனசேகர்தான் எடுத்தார். அந்த வேன் சத்தம் கோழியை எழுப்பாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் தனசேகரையே எழுப்பாது. அந்த நாற்பது கடையும் போனால் அக்காவுக்கு வேறு கடை கிடையாது.

வேறு ப்ளைவீல் வாங்க, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா சேலத்துக்குப் பஸ் ஏறினார். பழைய உதிரி பாகம் விற்கும் ரஹமத்துல்லா பாய், புத்தகத்தில் இருந்த வருடத்தைப் பார்த்து ஒரு ப்ளைவீலைக் கொடுத்தார். ராசிபுரத்தில் மெக்கானிக் அதைத் தூக்கிப் பிடித்தார். எஞ்சினில் எட்டு போல்ட், சக்கரத்தில் ஆறு ஓட்டை.

"அம்மா, ஆர்.சி. இந்த வண்டியோடது. எஞ்சின் வேற வண்டியோடதுங்க. ஒங்களுக்கு வித்தவரு மாத்தி வெச்சிருக்கறாரு."

அக்கா நடுத்தெருவில் நின்று பானெட்டைப் பார்த்தார். ஒன்பது வருடக் குடித்தனம். "அப்ப நான் இத்தன நாளு யாரடா ஓட்டிட்டிருந்தேன்?"

கழற்றிப் போட்ட பழைய சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து பல்லை எண்ணினார். பாய்க்குப் போன் போட்டார். "எட்டு ஓட்டைங்க. பல்லு நூத்திப் பதினாலு."

"எட்டு ஓட்டையில நூத்திப் பத்து இருக்கும்மா, நூத்திப் பதினஞ்சு இருக்கு. நூத்திப் பதினாலு எந்தக் கம்பெனியும் போடல."

"போடாமயா என்ற வண்டில இருக்குது?"

போனை வைத்துவிட்டு மறுபடி எண்ணினார். நூற்றுப் பதினான்கு. சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினார். நூற்றுப் பதினான்கு. இருபத்தைந்து வருடமாக முட்டை எண்ணுகிறவர். கணக்கில் இரண்டு முறை பெயிலான நான் குறுக்கே பேசவில்லை.

புதன்கிழமை சக்கரத்தைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு மறுபடி சேலம் கிளம்பினார். நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். கோணியின் ஒரு முனை என் கையில் இருந்தது தற்செயல். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் சக்கரம் உட்கார்ந்தது, கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க, இதுக்கு டிக்கெட்டு?"

"வாயில்லாத சீவனுங்க. நிக்க வெச்சா உருண்டு போயிரும்."

பாய் கடையில் சக்கரத்தை இறக்கினோம். அவர் ஒரு பல்லில் சாக்பீசால் கோடு போட்டு, வாய்க்குள்ளேயே எண்ணி முடித்தார். "நூத்திப் பதினஞ்சும்மா. சரக்கு இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"இல்லைங்க. நூத்திப் பதினாலு."

பாய் திரும்ப எண்ணினார். பதினைந்து. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து எண்ணினார். பதினைந்து. அக்கா மூவரையும், அதாவது சக்கரத்தையும் சேர்த்து, சந்தேகமாகப் பார்த்தார். "ஒருக்கா ஏமாந்தாச்சுங்க. நாளைக்கு வெடிஞ்சா பண்ணைக்குப் போவோணும். ஒரு பல்லு சாஸ்தியா இருக்கறதக் கொண்டுட்டுப் போயி, அதுவும் சேரலைன்னா எம்பொழப்பு போச்சு. வேற கடையப் பாத்துக்கறனுங்க." கோணியை விரித்தே விட்டார்.

பாய் பொறுமைசாலி. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒரே ஒரு தடவை, வாய்விட்டு எண்ணும்மா. நான் கேக்கறேன்."

அக்கா கோட்டில் கட்டைவிரலை வைத்தார். "லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு..."

"நிறுத்தும்மா. மொதல்ல என்ன சொன்ன?"

"லாபம்."

"அதுவும் ஒரு பல்லுதானே?"

கடையில் சிரிப்பு கிளம்பியது. அக்கா சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் எண்ணத் தொடங்கும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்பார்கள், அடுத்தது இரண்டு. அக்காவிடம் அடுத்ததுதான் ஒன்று. முதல் முட்டை கணக்கில் வராது. வழியில் ஒன்று கீறியிருந்தாலும் கடைக்காரர் கையைப் பிசையக் கூடாது என்று கூடவே போவது அது. இந்த விவரம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. அந்தப் பந்தை வைக்க நான் எடுத்துத் தின்ற முட்டையையும் சேர்த்து அக்காவுக்கு இரண்டு முட்டை போயிருக்கிறது அன்றைக்கு.

"லாபத்த எப்படிங்க கணக்குல சேக்கறது?" என்று கேட்டார் அக்கா, நிஜமாகவே புரியாமல். "அது வாங்கறவங்களுது."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நூற்றுப் பதினைந்து பல் சக்கரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து பழையதன் மேல் வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை, பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. அக்கா விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார். "எங்கணக்கு சரிதானுங்க," என்றார் கடைசியாக. "எண்ணுன பொருளுதான் தப்பு."

அன்று சாயங்காலமே மெக்கானிக் மாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பண்ணை கேட்டுக்கு வெளியே தனசேகரின் வேன் நின்றிருந்தது. "சும்மா இந்தப் பக்கமா வந்தனுங்க" என்றார், யாரும் கேட்காமலே. அக்கா ரிவர்ஸில் ஷெட்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

கோழிகளின் கொக்கரிப்பு கேட்டது. லோடு ஏற்றுகிறவர்கள் எட்டு மாதப் பழக்கத்தில் அந்த அமைதியிலும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்: "இன்னும் எத்தன ட்ரே?" "இருவது!" தமிழரசு ஷெட்டுக்குள் ஒரு நடை போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வந்தார். சாவி திரும்பட்டும் என்று காத்திருந்தார். தனசேகரும் காத்திருந்தார்.

கடைசி ட்ரே ஏறியது. அக்கா ஏறி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது.

"சரிங்கக்கா, சனிக்கெழம வந்துருங்க," என்றார் தமிழரசு.

அக்கா தலையாட்டினார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. பக்கக் கண்ணாடியைத் தனசேகரின் முகம் தெரிகிற மாதிரி ஒரு விரலால் திருப்பி வைத்தார். எஞ்சினை அணைத்தார். இரண்டு மூச்சு விட்டார். மறுபடி ஸ்டார்ட் செய்தார்.